கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள்: வேலை, பயணம், விருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக எங்கள் அலுவலகத்தில் டிசம்பர் விடுப்புப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. வீட்டிலும் யார் எந்த வண்டியில் வருகிறார்கள், யாரை யார் போய் அழைத்துவருவது என்று கணக்கு வைப்பவன் நான்தான். அதனால் நவம்பர் பாதியிலிருந்து அதே கேள்விகள் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டுவிட்டு, என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசம்பரிலும் 31 நாள்தானே? இந்த மாதம் மட்டும் ஏன் கையில் நிற்பதில்லை?

31 நாள்தான். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வேலைகளுக்கு 24 நாள்தான் உண்டு. அதிலும் வார இறுதிகளை எண்ணிப் பாருங்கள். 2026இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. அதற்கு முன் அந்த மாதத்தில் வரும் சனிக்கிழமைகள் 5, 12, 19. மூன்றே மூன்று. ஞாயிறும் மூன்று. கடைக்குப் போவது, வீட்டை ஒழுங்கு செய்வது, பாடல் பயிற்சி, நண்பர் வீட்டு விருந்து, பெட்டி கட்டுவது என்று எல்லாவற்றையும் “ஒரு சனி ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பது இந்த ஆறு நாட்களுக்குள்தான்.

மற்ற மாதங்களில் ஒரு வேலை தவறினால் அடுத்த வாரம் செய்துகொள்ளலாம். 25 நமக்காக நகராது. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பதும் பெரும்பாலும் அதே நாட்களில்தான். இரண்டு கெடுவும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. உங்கள் சோம்பலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். (கொஞ்சம் சோம்பலும் இருக்கும். எனக்கு உண்டு.)

எப்போது தொடங்கினால் சரியாக இருக்கும்? அக்டோபரிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறார்களே?

பயணச்சீட்டும் விடுப்பும் அக்டோபரில் பார்க்க வேண்டியவைதான். மற்றதையெல்லாம் அப்போதே தொடங்கினால் டிசம்பர் வருவதற்குள் சலித்துவிடும். எனக்குப் பொருந்தும் கணக்கு திருவருகைக் காலத்தின், அதாவது கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் வாரங்களின், முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு அது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாட்காட்டியை நிரப்புவேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த “நான்கு வாரம்” எல்லா ஆண்டும் ஒரே நீளம் கிடையாது. கிறிஸ்துமஸ் ஞாயிறன்று வந்த 2022இல் முழுதாக 28 நாள் கிடைத்தது. 2026இல் முதல் ஞாயிறு நவம்பர் 29, அதாவது 26 நாள். 2028இல் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை. முதல் ஞாயிறே டிசம்பர் 3தான், நான்காவது ஞாயிறு 24ஆம் தேதியிலேயே வந்து விழுகிறது. மொத்தம் 22 நாள். ஆலய வேலையில் இருப்பவர்களுக்கு அந்த ஆண்டு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஒரு வாரம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள்.

பட்டியல் எல்லாம் போட்டுத்தான் வைக்கிறேன். ஆனாலும் 23ஆம் தேதி பார்த்தால் பாதி அப்படியே கிடக்கிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் கணக்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு ஆகும் என்பதைத்தான் மனம் கணக்கிடும். 1994இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது ஏறத்தாழ 55 நாள். ஆகவே “இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்” என்று யோசிக்காதீர்கள். “போன வருடம் எவ்வளவு ஆனது” என்று யோசியுங்கள். போன வருடம் பரிசு வாங்க மூன்று மாலைகள் போயிற்று என்றால் இந்த வருடமும் மூன்று மாலைதான். இந்தத் தடவை சுறுசுறுப்பாக இருப்பேன் என்று நம்பி ஒரு மாலையைக் குறைக்க வேண்டாம்.

இரண்டாவது, பட்டியலில் “என்ன” இருக்கிறது, “எப்போது, எங்கே” இல்லை. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1997இல் இன்னொருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். எங்கே உட்கார்ந்து எப்போது எழுதப்போகிறேன் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பேர் சொன்னபடி எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். விடுமுறைக்கு நடுவில் யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? அதனால்தான் இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். “அத்தைக்குப் பரிசு” என்று எழுதாமல் “10ஆம் தேதி வியாழன், வேலை முடிந்து வரும் வழியில், அத்தைக்குப் பரிசு” என்று எழுதுங்கள். அப்படி எழுத இடமே இல்லாத வேலை என்றால் அது இந்த ஆண்டு நடக்காது. அதை நவம்பரிலேயே தெரிந்துகொள்வது 23ஆம் தேதி தெரிந்துகொள்வதைவிட மேல்.

லீவு எப்போது கேட்டால் கிடைக்கும்?

பட்டியல் போடுபவன் மனநிலையைச் சொல்கிறேன். முதலில் கேட்டவருக்குக் கொடுப்பது எளிது. இரண்டு மாற்றுத் தேதி சேர்த்துக் கேட்டவருக்குக் கொடுப்பது அதைவிட எளிது. “22 முதல் 28 வரை வேண்டும், முடியாவிட்டால் 24 முதல் 30 போதும்” என்று ஒரு வரி எழுதினால் உங்கள் பெயரை எங்காவது பொருத்திவிடுவேன். “கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் வேண்டும் சார்” என்று நடைபாதையில் சொல்லிவிட்டுப் போனால் அது கோரிக்கையாக என் காதில் விழாது.

பயணச்சீட்டை வாங்கிவிட்டு அப்புறம் விடுப்புக் கேட்காதீர்கள். பல பேர் இதை ஒரு தந்திரமாகச் செய்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கு அது மிரட்டல் மாதிரிதான் தெரியும். போன ஆண்டு வாங்கியவர் இந்த ஆண்டு விட்டுக்கொடுப்பது என்ற எழுதாத வழக்கம் பல இடங்களில் உண்டு; உங்கள் இடத்தில் இருந்தால் மதியுங்கள், இல்லாவிட்டால் நீங்களே சொல்லித் தொடங்கிவையுங்கள்.

எனக்கு 25ஆம் தேதியே டியூட்டி. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். என்ன செய்ய?

செவிலியர், ஓட்டுநர், காவலர், விமான நிலைய ஊழியர் என்று இந்தக் கேள்வி கேட்காதவர்கள் இல்லை. முதலில் ஒன்றை வீட்டாருக்கு நினைவூட்டுங்கள்: திருவழிபாட்டுக் கணக்கில் கிறிஸ்துமஸ் 24ஆம் தேதி மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. 25 காலை வேலை என்றால் முந்தைய மாலைத் திருப்பலிக்குப் போகலாம், அன்றிரவே குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடலாம். 24 இரவு வேலை என்றால் 25 பகலில் ஆராதனை இருக்கும்.

பின்பக்கமும் இடம் இருக்கிறது. மேற்கத்திய மரபில் கிறிஸ்துமஸ் காலம் 25இல் தொடங்கி மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை நீள்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் பலவற்றில் கிறிஸ்துமஸே ஜனவரி 7தான். ஆர்மேனியத் திருச்சபை ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. அதனால் 28ஆம் தேதி வைக்கும் குடும்ப விருந்து “பிந்திய” விருந்து ஆகாது. இன்னும் கிறிஸ்துமஸ் காலத்துக்குள்தான் இருக்கிறோம். இதை ஒரு சமாதானமாகச் சொல்லாமல் தேதி குறித்துச் சொல்லுங்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்றால்தான் முகம் தூக்குவார்கள். “28 போல ஏதாவது” என்பதும் போதாது. நாள், நேரம், யார் யார் வருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தால் கோபம் பாதி இறங்கிவிடும்.

டிசம்பர் 18க்கு மேல் “வருஷம் முடியறதுக்குள்ள” என்று புது வேலை தருகிறார் மேலாளர். மறுக்க முடியுமா?

மறுப்பதைவிட ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை 31க்குள் முடித்துக் கொடுத்தால் அடுத்து யார் பார்ப்பார்கள்?” பாதி நேரம் அந்த அடுத்தவர் ஜனவரி முதல் வாரம் வரை விடுப்பில் இருப்பார். நீங்கள் 24ஆம் தேதி இரவு அனுப்பியது ஜனவரி 5 வரை திறக்கப்படாமல் கிடக்கும். விவரம் தெரிந்தால் மேலாளரே தேதியை மாற்றிவிடுவார்.

உண்மையிலேயே 31க்குள் முடிய வேண்டிய வேலைகளும் உண்டு: கணக்கு, ஒப்பந்தப் புதுப்பிப்பு, வரி சம்பந்தப்பட்டவை. அவை எவை என்று டிசம்பர் முதல் வாரமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதது 18க்கு மேல் வந்தால், “இதை எடுத்துக்கொள்கிறேன், அந்த மூன்றில் எதை ஜனவரிக்குத் தள்ளட்டும்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

23 இரவு கிளம்புவதா, 24 காலையா?

22 கிளம்ப முடியுமா என்று முதலில் பாருங்கள். 24 காலை கிளம்பினால் அன்று வண்டியோ விமானமோ ரத்தானால் அடுத்ததிலும் இடம் இருக்காது. எல்லாமே நிரம்பியிருக்கும். ஒரு நாள் இடைவெளி விட்டால் ரத்தாவது தொந்தரவோடு நின்றுவிடும். இடைவெளி இல்லாவிட்டால் பண்டிகையே போய்விடும். வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே சீட்டாக வாங்குங்கள். தனித்தனிச் சீட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் பொதுவாக அது உங்கள் பாடு.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். சீட்டில் “டிசம்பர் 24, 00.40” என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 23ஆம் தேதி இரவு. 24 இரவு சாவகாசமாகப் போய் நின்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

பரிசுகளை அழகாகக் கட்டியே எடுத்துப் போகலாமா?

கட்டாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் சந்தேகம் வந்தால் பிரிக்கச் சொல்வார்கள். தாளை மடித்துப் பெட்டியில் வையுங்கள், போய்ச் சேர்ந்து கட்டிக்கொள்ளலாம். பவர் பேங்க் பரிசாக வாங்கியிருந்தால் அது கைப்பையில்தான் போக வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் பொதுவான வரம்பு 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி. வாசனைத் திரவியம், கிரீம் வகைகளுக்குப் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லி லிட்டர் கணக்கு இருக்கிறது. உள்ளே பனி கொட்டும் கண்ணாடி உருண்டையும் இந்தக் கணக்கில் வரும்; அதற்குள் இருப்பது திரவம் என்பது சோதனை மேசையில்தான் பலருக்கு உறைக்கிறது.

ஏழு மணி நேர வித்தியாசம் உள்ள இடத்திலிருந்து வருகிறேன். இறங்கிய அன்றே விருந்து வைத்துவிட்டார்கள். சமாளிக்கலாமா?

உடம்பு ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமாராக ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். நம் உடம்புக் கடிகாரம் இயல்பாகவே 24 மணிக்குச் சற்று அதிகமாக ஓடுவதால், மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கடினம். நீங்கள் கிழக்கே வருகிறீர்கள் என்றால் அன்றிரவு எல்லோரும் தூங்கும்போது விழித்துக் கிடந்து, மறுநாள் பகலில் சோபாவில் சாய்வீர்கள். விருந்தை ஒரு நாள் தள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மதிய விருந்தாக மாற்றச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் நடங்கள், மதியத்துக்கு மேல் காப்பி வேண்டாம். வாகனம் மட்டும் ஓட்ட வேண்டாம், யார் சாவியை நீட்டினாலும் சரி.

ஒரே வாரத்தில் ஏழு அழைப்பு. போகாவிட்டால் மனஸ்தாபம். எப்படி மறுப்பது?

சீக்கிரம் மறுங்கள். அழைத்த அன்றே “வர முடியாது” என்றால் அவர் வேறொருவரை அழைத்துக்கொள்வார். “பார்க்கிறேன், முயற்சி செய்கிறேன்” என்று இழுத்துக் கடைசி மணி நேரத்தில் சொல்வதுதான் மனஸ்தாபம். நமக்கு “முயற்சி செய்கிறேன்” என்பது இல்லை என்பதன் நாகரிக வடிவம். சமைக்கிறவருக்கு அது ஒரு இலை.

காரணத்தை நீளமாகச் சொல்லாதீர்கள். மூன்று காரணம் சொன்னால் மூன்றுக்கும் தீர்வு சொல்வார்கள். “அன்று மாலை வேறு இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன், ஜனவரி 2 உங்கள் வீட்டுக்கு வரட்டுமா?” போதும். டியூட்டி பற்றிய பதிலில் சொன்ன ஜனவரி 6 கணக்கு இங்கேயும் உதவும். பண்டிகை அலை ஓய்ந்தபின் வரும் விருந்தாளியோடு உட்கார்ந்து பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

எதை ஏற்பது என்று என்னைக் கேட்டால், மற்ற மாதங்களில் பார்க்க முடியாதவர்களை முதலில் வையுங்கள். வயதானவர்கள், தூரத்திலிருந்து வருபவர்கள். பக்கத்திலேயே இருக்கும் நண்பரை பிப்ரவரியிலும் பார்க்கலாம்.

ஆபீஸ் பார்ட்டிக்குப் போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களா?

ஒரு மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள். ஆரம்பத்தில் போங்கள், அப்போதுதான் எல்லோரும் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கிளம்பி வீட்டுக்குப் போவதை யாரும் கவனிப்பதில்லை.

“இந்த வருஷம் உங்க வீடா, எங்க வீடா?” ஒவ்வொரு டிசம்பரிலும் எனக்கும் கணவருக்கும் இதே சண்டை. தீர்வு உண்டா?

இதை டிசம்பரில் பேசுவதுதான் தவறு. டிசம்பரில் இரண்டு அம்மாவும் தொலைபேசியில் இருப்பார்கள். ஜூலையில் பேசுங்கள். ஓர் ஆண்டு அங்கே, ஓர் ஆண்டு இங்கே என்று முறை வைத்துக்கொள்பவர்கள் அதை இரண்டு வீட்டுக்கும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், “இந்தத் தடவையாவது” என்ற வார்த்தை வருவது குறைகிறது.

ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் சரி. இல்லாவிட்டால் முதல் வீட்டில் கிளம்பும் அவசரம், இரண்டாவது வீட்டில் களைப்பு. பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிடும். 24 மாலை ஒரு வீடு, 25 மதியத்துக்கு மேல் இன்னொரு வீடு என்று பிரிப்பது அதைவிட நல்லது. அப்புறம், “எங்கள் வீட்டிலேயே இருக்கப்போகிறோம், நீங்கள் வாருங்கள்” என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. சின்னக் குழந்தை உள்ள ஆண்டில் அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. யார் சொல்வது என்பதில் மட்டும் கவனம்: மாமியாரிடம் மகன் சொல்லட்டும், மாமனாரிடம் மகள் சொல்லட்டும். அவரவர் பெற்றோரிடம் அவரவர்தான் பேச வேண்டும்.

வாழ்த்து அனுப்பவே நேரமில்லை. எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிட்டால் மரியாதைக் குறைவா?

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை பிறந்த கதையே இதுதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்கு எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லிப் படம் வரையவைத்து, ஆயிரம் பிரதி அச்சடித்துவிட்டார். நேரமில்லாதவர் கண்டுபிடித்த வழியை நேரமில்லாத நாம் பின்பற்றுவதில் தவறில்லை. ஆனால் பெயரை மட்டுமாவது சேருங்கள். ஹார்ஸ்லியின் அட்டையிலும் பெயர் எழுத இடம் விட்டிருந்தது.

நான் கிறிஸ்தவர் இல்லை. அதனாலேயே கடைசி வாரம் முழுக்க எல்லோர் வேலையும் என் தலையில். இதைச் சொன்னால் தப்பாகுமா?

ஆகாது. சொல்லாமல் மனதில் வைத்துக்கொள்வதுதான் ஜனவரியில் வெடிக்கும். டிசம்பரில் நீங்கள் ஏற்கும் நாட்களை எண்ணி, உங்களுக்கு முக்கியமான நாட்களை இப்போதே பட்டியல் போடுபவரிடம் எழுதிக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் விடுப்பு வாங்கியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: போவதற்கு முன் கையில் இருக்கும் வேலையை ஒரு பக்கம் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். எது எங்கே நிற்கிறது, யாரைக் கூப்பிடலாம், எது ஜனவரி வரை காத்திருக்கலாம். 20 நிமிட வேலை. அது இல்லாமல் தவித்த ஒருவரின் 26ஆம் தேதியை நான் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஒரு இறப்பு. இந்த ஆண்டு எதற்கும் மனமில்லை. ஆனால் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஒவ்வொருவருக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியதில்லை. தம்பியோ தோழியோ ஒருவரிடம் சொல்லுங்கள், அவர் எல்லோருக்கும் சொல்லிவிடட்டும். “இந்த ஆண்டு எங்கும் வரவில்லை, நினைத்ததற்கு நன்றி” என்பதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு இடத்துக்குப் போகத் தோன்றினால் போங்கள். வாசலில் நின்று திரும்பிவிடத் தோன்றினால் திரும்பிவிடுங்கள். அழைப்பவர்களுக்கு: வரமாட்டார்கள் என்று தெரிந்தாலும் அழையுங்கள், பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

ஒரே மாலை, இரண்டு இடத்திலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியும். இப்போது?

மேலே சொன்னதையெல்லாம் படிக்காமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள், பரவாயில்லை. காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். இருவருக்கும் பழக்கம் என்றால் படம் எப்படியும் போய்ச் சேரும். முதலில் ஒப்புக்கொண்ட இடத்துக்குப் போங்கள். எது முதல் என்று நினைவில்லாவிட்டால், ஆட்கள் குறைவாக வரும் இடத்துக்குப் போங்கள். நாற்பது பேர் விருந்தில் உங்கள் இடம் தெரியாது, ஆறு பேர் மேசையில் தெரியும். மற்றவரை இன்றே கூப்பிட்டு, “தேதியைக் குழப்பிவிட்டேன், தப்பு என்னுடையது” என்று சொல்லுங்கள். செய்தி அனுப்பாதீர்கள், பேசுங்கள். இரண்டு நிமிடம் திட்டுவார். அதற்குள் வேறு தேதி கேட்டுவிடுங்கள்.